அணைக்கக் கூடாத மெஷின்

எங்கள் ஐஸ் கம்பெனியில் சர்வர் ரூம் மாடியில் இருக்கிறது. கீழே வைத்தால் கடல் தண்ணீர் ஏறிவிடும் என்று அதைப் பார்த்துக்கொள்கிற ஜின்டெங்தான் பிடிவாதமாக மாடியில் வைக்கச் சொன்னான். கடைசியில் அந்த மாடிப்படியிலேயே, பாதி ஏறி, மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க மனசில்லாமல், நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் என் மேஜையிலிருந்து பார்த்தால் அவனுடைய ரப்பர் பூட்ஸ் இரண்டும் தெரியும். பூட்ஸ் ரொம்ப நேரம் அசையவில்லை என்றால் குரல் கொடுப்பேன்.

"டேய், இருக்கியா?"

"இருக்கேன்க்கா. மூச்சு வாங்குது. இப்ப போயிருவேன்."

"எங்க போயிருவ? மேலயா, ரொம்ப மேலயா?"

"எது கிட்டயோ அது," என்பான்.

எங்கள் நான்ஃபாங்ஆவ் மீன்பிடித் துறைமுகத்தில் வருஷத்தில் பாதி நாள் மழை. மீதி நாள் மழை வரப்போகிற நாள். அந்தப் புரட்டாசி ஐப்பசி வாக்கில் கானாங்கெளுத்தி வந்து குவிந்தது. படகுகள் மீனை இறக்கிவிட்டு, நேரே எங்கள் சுவர் ஓரமாக வந்து ஐஸ் வாங்க வரிசையில் நிற்கும். உள்ளே பார் பாராக உறைந்த ஐஸ் அரைபட்டு, இரண்டு தகர வாய்கள் வழியாகப் படகின் அறையில் கொட்டும். எந்தப் படகுக்கு எவ்வளவு, யார் முதலில், எந்த வாய் எப்போது திறக்க வேண்டும், குளிர் அறைகளில் எத்தனை டிகிரி என்பதையெல்லாம் மாடியில் இருக்கிற அந்த மெஷின்தான் பார்த்துக்கொள்ளும். கீழே நான் பில் போடுவேன். என் பெயர் பாவ்ஜூ. முதலாளியம்மா ஜியென் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே இங்கே இருக்கிறேன். அதனால் கொஞ்சம் வாய் அதிகம்.

முன்னே இங்கே வேறு ஒரு சிஸ்டம் இருந்தது. அது ஒரு கம்பெனிக்காரனுடையது. வருஷா வருஷம் உரிமம் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கிற மாசம் வந்தால் முதலாளியம்மா சோறு தின்ன மாட்டாள், எங்களையும் தின்ன விடமாட்டாள். ஜின்டெங் அப்போது கம்ப்ரசர் பிரிவில் மோட்டார் பார்க்கிறவன். மாவட்டத்து ஆபீஸ்களில் எல்லாம் ஓப்பன் சோர்ஸுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். அவர்கள் நடத்திய மாலை வகுப்புக்குப் போய் லினக்ஸ் கற்றுக்கொண்டு வந்தான்.

"இது யாருக்கும் சொந்தமில்லம்மா," என்று அவளிடம் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "உலகத்துல எங்கெங்கயோ உக்காந்து ஆளுங்க எழுதி, பொதுவுல போட்டிருக்காங்க. எடுத்துப் போட்டுக்கலாம், நமக்கு ஏத்த மாதிரி மாத்திக்கலாம். எவனையும் கேக்க வேண்டாம். பெரிய பெரிய பேங்குலயே இதான் ஓடுது."

"யாருக்கும் சொந்தமில்லாதது கெட்டுப்போனா யாருடா வந்து பாப்பா?"

"நான் பாப்பேன்மா."

அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டான். மோட்டார் பார்த்தவன் சர்வர் பார்க்கிறவன் ஆனான். மெஷின் நன்றாகத்தான் ஓடியது, பொய் சொல்லக் கூடாது. நின்றதே இல்லை. ஒரு தடவை மாவட்டத்திலிருந்து ஆட்கள் வந்து, காசு வாங்காத சிஸ்டம், ஒரு நாள்கூட அணைக்காமல் ஓடுகிறது என்று வியந்து, மெஷின் பக்கத்தில் அவனை நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம், மாசத்துக்கு இரண்டு தடவை கம்பெனி வாசலில் சாமிக்குப் படைக்கிற படையல் நாள் தவறாமல் இன்றோடு இத்தனை நாள் என்று கத்திச் சொல்லுவான். நாங்களும் கை தட்டுவோம். ஐஸ் உடைக்கிற பையன்கள்கூடத் தட்டுவார்கள்.

கை தட்டினது நாங்கள்தான். அதை நினைத்தால் இப்போது எரிச்சலாக இருக்கிறது. ஏனென்றால் அத்தனை வருஷமும் அவன் ஒரு ராத்திரிகூட ஊரைவிட்டு வெளியே தங்கவில்லை. மாமியார் சாவுக்குப் போனவன் அன்று சாயங்காலமே ஈரச் சட்டையோடு திரும்பி வந்து மாடி ஏறினான். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் பக்கத்தில் அவன்தான் நிற்பான். அழுகிற பிள்ளையிடம் ஓடுகிற தாய் போல வீட்டிலிருந்து ஓடி வருவான். அவன் பெண்டாட்டி பீயூன் முதலில் சண்டை போட்டாள், அப்புறம் கேலி செய்தாள், அப்புறம் ஒன்றும் பேசாமல் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தாள். எனக்கு அவள்மேல்தான் பரிதாபம்.

அந்த சீசனில் ஒரு சனிக்கிழமையும் அப்படித்தான் வந்தாள். மீன் அரிகிற கொட்டகையில் வேலை அவளுக்கு. முழங்கை வரை செதில், நீல ஏப்ரனில் ரத்தம், காலையிலிருந்து நின்றதில் முட்டி வீங்கியிருந்தது. என் மேஜையிலேயே டப்பாவைத் திறந்தாள். உப்புப் போட்டு வறுத்த கானாங்கெளுத்தி, சோறு, இஞ்சி தட்டிப் போட்ட மீன் தலைச் சாறு. ஜின்டெங் வந்து உட்கார்ந்து மீனை ஒதுக்கிவிட்டுச் சாற்றை மட்டும் குடித்தான்.

"அக்கா, இந்த மனுசன்கிட்ட நீங்க கேளுங்க," என்றாள் பீயூன். "வியாழக்கிழமை ஆபரேஷன். தைபே ஆஸ்பத்திரியில. புதன்கிழமையே போய்ச் சேரணும். போறானா இல்லையான்னு கேளுங்க. நான் கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது."

"போகாம? போவான்," என்றேன்.

"சீசன் முடியட்டும்க்கா," என்றான்.

"சீசன் முடியறதுக்குள்ள நீ முடிஞ்சிருவ. நெஞ்சுல மூணு அடைப்புன்னு டாக்டரு படம் போட்டுக் காட்டினாரு. நான்தான் பாத்தேன், இவன் போனப் பாத்துக்கிட்டு இருந்தான். வசந்த காலத்துல தேதி குடுத்தாங்க, மெஷினுக்கு என்னமோ வயசாயிருச்சுன்னான். ஆவணில குடுத்தாங்க, செத்தவங்க எறங்கி வர்ற பேய் மாசத்துல உடம்புல கத்தி வைக்கக் கூடாதுன்னான். நானும் சரின்னுட்டேன், பேய் மாசம்னா எனக்கும் பயம். இப்ப என்ன பேயி?"

"வயசாகலடி. அந்தப் பதிப்ப நிறுத்திட்டாங்க. எழுதுறவங்க இனிமே அதுக்குத் திருத்தம் அனுப்ப மாட்டாங்க. ஓட்ட விழுந்தா நாமதான் அடைச்சுக்கணும்."

"பாருங்கக்கா. அதுல ஓட்டை விழுந்தா அடைக்க ஆள் இருக்கு. இதுல அடைப்ப எடுக்க ஆள் வான்னா வர மாட்டேங்குது."

"இன்னொரு ஆளப் பழக்கி விட வேண்டியதுதானடா?" என்றேன்.

"பழக்கலையா? மூணு பேரு வந்தானுங்க. லுவோடுங் டவுன்லேருந்து வந்தவன் படிச்சவன்தான். வந்ததும் வராததுமா, அண்ணே இத ஒரு தடவ ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்துரலாம்ங்கறான். கீழ இறங்குடான்னேன்."

"அதுக்கா துரத்தின அவன? நான் கூட அவன் உன்னத் திட்டினான்னு நெனச்சேன்," என்றேன்.

"அதுக்குத்தான்."

அவன் ஒதுக்கிய மீனைப் பீயூன் எடுத்து முள் நீக்கி அவன் சோற்றின்மேல் வைத்தாள். "நான் ஒண்ணு கேக்குறேன்," என்றாள். குரலில் கோபமே இல்லை, அவ்வளவு அசதி. "நீ மாடிப்படியில செத்துக் கெடந்தா அந்த மெஷின யாரு பாப்பா?"

அவன் அந்த மீனைப் பிட்டு ஒரு வாய் தின்றான். "அதான் எனக்கும் ஓடிக்கிட்டே இருக்கு," என்றான்.

அவள் டப்பாவை மூடினாள். எழுந்தவள் உட்கார்ந்து, மறுபடி எழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு போய்விட்டாள். மழையில் குடைகூட விரிக்கவில்லை.

திங்கட்கிழமை படையல் நாள். கிழக்கே புயல் உருவாகி வருவதாக ஞாயிறு மாலையே சொல்லிவிட்டார்கள். படகுகள் எல்லாம் உள்ளே வந்து, ஒன்றோடு ஒன்றைக் கட்டிக்கொண்டு நின்றன. ஐஸ் கேட்க ஒரு ஆள் இல்லை. வாசலில் மேஜை போட்டுக் கோழி, பன்றிக்கறி, ஆரஞ்சு எல்லாம் வைத்து முடித்துவிட்டு, மேலே மெஷினுக்கு என்று முதலாளியம்மா தனியாக ஒரு தட்டு எடுத்துக்கொண்டு ஏறினாள். மெஷின் சொன்ன பேச்சுக் கேட்டு ஓடும் என்று வைக்கிற சோளப்பொரிப் பொட்டலம், பச்சை நிறந்தான் இருக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் மஞ்சள் விளக்கு எரியும், சிவப்பு வைத்தால் கேட்கவே வேண்டாம். தேதி முடிந்த பொட்டலமும் கூடாது. நான் பின்னால் பத்திக்கட்டோடு போனேன். புகை மெஷினுக்கு ஆகாது என்று ஜின்டெங் அங்கே பத்தி பற்ற வைக்க விடமாட்டான், சும்மா கையில் பிடித்துக்கொண்டு கும்பிட வேண்டும்.

"பத்த வைக்காத பத்திக்கு எந்தச் சாமிடா எறங்கி வரும்?" என்று முதலாளியம்மா வழக்கம்போல முனகினாள்.

"வராட்டிப் பரவாயில்லம்மா. மெஷினு போகாம இருந்தாப் போதும்."

கும்பிட்டு முடிப்பதற்குள் படியில் ஈரப் பூட்ஸ் சத்தம். பீயூன். கொட்டகை ஏப்ரனோடே வந்திருந்தாள். வாசலில் நின்று பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"முதலாளியம்மா, ஒரு வார்த்தை. இந்த மனுசன எனக்கு ரெண்டு வாரம் விட்டுக் குடுங்க."

"ஏம்மா, நானா புடிச்சுக் கட்டி வச்சிருக்கேன்? போடா போடான்னு நானும்தான் சொல்றேன். சம்பளம் புடிக்க மாட்டேன்னும் சொல்லிட்டேன். என் வாயிலேருந்து அந்த வார்த்தை வர்றதே பெரிசு, பாவ்ஜூவக் கேளு." அவன் பக்கம் திரும்பினாள். "ஏண்டா, நீ இல்லாம ரெண்டு வாரம் ஓடாதா இது?"

"ஓடும்மா. ஓடும். நின்னுட்டா?"

"நின்னா திரும்பப் போட வேண்டியதுதான். பாவ்ஜூ போடட்டும். சுவிட்சு இருக்குல்ல?"

ஜின்டெங் மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டான். அவன் முகத்தில் வேர்வை. நெஞ்சுதான் படுத்துகிறதோ என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"திரும்ப வராதும்மா," என்றான்.

"என்னது வராது?"

"இது. அணைச்சா அவ்வளவுதான். நாலு வருசத்துக்கு முன்னாடி பழசு குப்பை எல்லாம் அழிச்சுக்கிட்டு இருந்தேன். எடம் பத்தலன்னு. ஒரு வரி மாத்தி அடிச்சுட்டேன். அது எந்திரிக்கறதுக்கு என்னென்ன வேணுமோ அத்தனையும் போயிருச்சு. ஓடிக்கிட்டு இருக்கறதால ஓடுது. ஞாபகத்துல வச்சிருக்கறத வச்சு ஓடுது. ஒரு தடவ தூங்கினா மறுபடி கண்ணு முழிக்காது."

முதலாளியம்மா கையில் பிடித்திருந்த பத்தியைப் பார்த்தாள். மெஷினைப் பார்த்தாள். "நாலு வருசமா செத்ததுக்கா நான் பொரி வச்சேன்?"

"சாகலம்மா. கணக்கு எதுவும் போகல. தெனமும் வேற எடத்துல நகல் எடுத்து வச்சுட்டு வர்றேன். ஒரு நயா பைசா கணக்கு போகாது."

"அதுக்குத்தான் கரண்டு போனா ஓடி வந்தியா நீ? எங்கம்மா காரியத்துலேருந்து பாதியில எந்திரிச்சு வந்தது இதுக்குத்தானா?" இது பீயூன். அவன் தலையை ஆட்டினான்.

அவள் சுவரில் சாய்ந்தாள். சாய்ந்தவளின் கை பக்கத்தில் துணி போட்டு மூடியிருந்த ஒரு பெட்டியில் பட்டது. துணியைப் பிடித்துப் பார்த்தாள். சிவப்புப் பூப் போட்ட துணி.

"இது என் மேஜை விரிப்பு," என்றாள். "அக்கா, இது எங்க வீட்டு விரிப்பு. காயப்போட்ட எடத்துல காத்து அடிச்சுட்டுப் போயிருச்சுன்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சண்டைக்குப் போனேன். இன்னும் அவ என்கிட்ட பேசறதில்ல."

விரிப்பை இழுத்தாள். உள்ளே புதிதாக ஒரு மெஷின். ஒயர் எல்லாம் முறையாகக் கட்டி, பின்னால் ஒவ்வொன்றிலும் அவன் கையெழுத்தில் பெயர் ஒட்டி, முகப்பில் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"என்னடா இது?" என்றாள் முதலாளியம்மா.

"புதுப் பதிப்பும்மா. இதுவும் பொதுவுல கெடைக்கறதுதான். எல்லாம் ஏத்தி வச்சுட்டேன். பழசுல என்ன இருக்கோ அது இதுலயும் இருக்கு. தெனமும் ரெண்டையும் ஒத்துப் பாக்கறேன்."

"எப்பலேருந்து தயாரா இருக்கு?"

"அழிச்ச மாசத்துலேருந்து."

எனக்கே கோபம் வந்தது. "அப்பறம் என்னடா கேடு உனக்கு? மாத்தித் தொலைக்க வேண்டியதுதானே?"

"மாத்தணும்னா பழச நிறுத்தணும்க்கா."

"நிறுத்து."

"அதான் முடியல." இப்போது உட்கார்ந்தான். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பையன் மாதிரிக் கைகளை முட்டிகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். "தெனமும் நெனப்பேன், இன்னிக்கு நிறுத்திரலாம்னு. படி ஏறுவேன். வந்து பாத்தா எத்தன நாளுன்னு அது காட்டும். இன்னும் ஒரு நாள் ஓடட்டுமேன்னு இருக்கும். மாவட்டத்துலேருந்து எல்லாம் வந்து பாத்துட்டுப் போனாங்க. நிக்காத மெஷின் வச்சிருக்கான்னாங்க. நான் படிச்சவனா, பணக்காரனா, படகு வச்சிருக்கேனா? என்னையப் பத்திச் சொல்றதுக்கு வேற என்னக்கா இருக்கு?"

முதலாளியம்மா தட்டில் சாய்ந்திருந்த பொரிப் பொட்டலத்தை நிமிர்த்தி வைத்தாள்.

பீயூன் விரிப்பை நிதானமாக மடித்தாள். இரண்டாக, நாலாக மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள். "உனக்குள்ள இருக்கறதும் அம்பத்தியாறு வருசமா நிக்காமத்தான் ஓடுது," என்றாள். "அதுக்கு எவனும் வந்து படம் புடிக்கல. நான் ஒருத்திதான் ராத்திரியில காதை வச்சுக் கேட்டுட்டு இருக்கேன். எனக்கு முடியலய்யா. நெஜமா முடியல. நீ இதக் கட்டிக்கிட்டு இரு, இல்ல என்கூட வா. நான் புதன்கிழமை பஸ்ஸுக்குப் போய் நிப்பேன். வரலன்னா தைபேக்கு நான் மட்டும் போறேன். எங்க அக்கா வீடு இருக்கு. அப்பறம் இந்தப் பக்கம் வர மாட்டேன்."

கத்திச் சொல்லியிருந்தால் சண்டை என்று எடுத்துக்கொண்டிருப்போம். அவள் மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு வெறுங்காலோடு படியிறங்கிப் போனாள். பூட்ஸ் சர்வர் ரூம் வாசலிலேயே கிடந்தது.

முதலாளியம்மா பத்திகளைத் தட்டில் வைத்தாள். "இந்த ஒரு விசயம் மட்டும் சொல்லு. இது நின்னா, புதுசும் ஓடலன்னா, எனக்கு என்ன ஆகும்?"

"ஐஸ் வாயக் கையால தொறக்கணும். ஆர்டரக் காகிதத்துல எழுதணும். குளிரு அறைய நேரத்துக்கு நேரம் போய்ப் பாக்கணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்மா."

"மொத முதலாளி காலத்துல எல்லாம் அப்படித்தானடா நடந்துச்சு," என்றாள் அவள், அலுத்துப்போய். "இதுக்கா உயிரக் குடுக்கற? நான் கஞ்சப் பிசினாரிதான், ஊருக்கே தெரியும். ஆனா எனக்கு ஒரு உயிரெல்லாம் வேண்டாம்டா. கீழ போறேன். நீ செய்யறதச் செய்."

என்னையும் இழுத்துக்கொண்டு இறங்கினாள். கீழே அடுப்பில் மீன் உருண்டைச் சாறு கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் கிண்ணத்தில் ஊற்றி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தோம். வெளியே கட்டிய படகுகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டிருந்தன. மாடியில் ஒரு நாற்காலி நகர்ந்தது. நடந்தான், நின்றான், மறுபடி நடந்தான். சாறு ஆறி மேலே ஆடை கட்டிவிட்டது. அப்புறம் மேலே ஏதோ ஒன்று நின்றது. இத்தனை வருஷமாக ஒரு இரைச்சல் இந்தக் கட்டடத்தில் இருந்திருக்கிறது. எங்கள் காதுக்கு அது தெரியவே இல்லை. நின்றபோதுதான் தெரிந்தது. முதலாளியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வேறு மாதிரி, மெல்லியதாக ஒரு சத்தம் ஆரம்பித்தது.

ஜின்டெங் பீயூனின் பூட்ஸோடு இறங்கி வந்தான். "ஓடுது," என்றான். ஆறிப்போன என் கிண்ணத்தை எடுத்துக் குடித்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு, மழையில் கொட்டகைப் பக்கம் நடந்தான்.

செவ்வாய்க்கிழமை முழுக்கப் புயல். இரண்டு தகரம் பறந்தது, வேறு சேதம் இல்லை. புதுமெஷின் ஜெனரேட்டரில் நன்றாகவே ஓடியது. புதன் காலையில் வானம் வெளுத்துவிட்டது. பஸ் நிற்கிற இடத்துக்கு வழியனுப்ப நானும் போனேன். ஜின்டெங் சட்டை எல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரிக் கூச்சத்தோடு நின்றான். ரெண்டாம் வாயைக் கையால் திறக்கிற சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று மூன்று தடவை எனக்குச் சொன்னான். பீயூன் என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அக்கா, என்ன ஆனாலும் போன் பண்ணாதீங்க. கம்பெனி தீப்புடிச்சாலும் பண்ணாதீங்க. மணி அடிச்சா எந்திரிச்சு ஓடி வந்துருவான். நாளைக்குக் காலையில உள்ள கொண்டு போற வரைக்கும்."

"பண்ண மாட்டேன். கடலக் காக்கற மாஜூ தாயார் மேல சத்தியம்."

"முதலாளியம்மா பண்ணிட்டா?"

"போனப் புடுங்கிக் கடல்ல போட்டுருவேன்."

அவள் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது.

புயல் போன மறுநாள் மீன் கரையோரம் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். மதியத்துக்குமேல் கட்டியிருந்த அத்தனை படகும் ஒரே நேரத்தில் ஐஸுக்கு வந்து நின்றன. முதல் கொஞ்ச நேரம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் ரெண்டாம் வாய் திறக்கவில்லை. மேலே போய்ப் பார்த்தேன். திரையில் ஒன்றாம் வாய் மட்டும் இருக்கிறது, அப்படி ஒரு ரெண்டாம் வாய் உலகத்திலேயே இல்லை என்கிற மாதிரி. எதை அமுக்குவது என்று எனக்கு என்ன தெரியும்? நான் பில் போடுகிறவள்.

கீழே வந்து சக்கரத்தைப் பிடித்தேன். எத்தனையோ வருஷமாக யாரும் தொடாத இரும்பு, உப்பில் இறுகிப்போய்க் கிடந்தது. ஐஸ் உடைக்கிற பையன்களில் சுர்யோனோ என்கிற ஜாவாக்காரன் வந்து தோள் கொடுத்தான். இரண்டு பேரும் தொங்கித் திருப்பினால் கொஞ்சம் திறக்கும், ஐஸ் கொஞ்சம் கொட்டும், அப்புறம் அடைத்துக்கொள்ளும். மண்வெட்டியால் இடித்து இறக்க வேண்டும். எந்தப் படகுக்கு எவ்வளவு போனது என்று யாருக்கும் தெரியவில்லை. முதலாளியம்மா தன் கையாலேயே அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து அதில் கோடு கோடாகப் போட்டுக்கொண்டிருந்தாள். என் உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது.

"ஏ பாவ்ஜூ," என்று வரிசையில் பின்னால் நின்ற ஒரு படகின் தலைவன், ஸ்ராங்கு லான், கத்தினான். அவனுக்குப் பேசத் தெரியாது, கத்தத்தான் தெரியும். "மீனு ஓடிப்போயிரும். நாங்க என்ன வாயால ஊதி ஊதியா மீனக் குளிர வைக்கறது? எங்க அவன், மெஷின்காரன்? கூப்புடு அவன."

"அவனுக்கு நெஞ்சுல ஆபரேஷன்."

"அட, ஒரு போன் போட்டுக் கேட்டா உசிரா போயிரும்?"

"ஆமா, போயிரும். நீ வாய மூடிக்கிட்டு நில்லு. இல்ல எறங்கி வந்து சக்கரத்தப் புடி."

அவன் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னான். மற்ற படகுக்காரர்களும் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். முதலாளியம்மா போனை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் பார்த்த பார்வையில் திரும்பப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த படகு வந்தது, மறுபடி எடுத்தாள், மறுபடி போட்டாள்.

அப்போது என் போன் அடித்தது. ஜின்டெங்.

சக்கரத்தை சுர்யோனோவிடம் விட்டுவிட்டுத் தூண் மறைவுக்கு ஓடினேன். கை ரத்தம் போனில் ஒட்டியது.

"அக்கா, சும்மாதான். படுக்க வச்சுட்டாங்க. பீயூன் தண்ணி புடிக்கப் போயிருக்கா. எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. உன்ன எவனும் தேடல. நீ படு."

"பின்னாடி என்ன சத்தம்?"

"அதா? ஊர்வலம். புயல் சேதமில்லாமப் போச்சுல்ல, மாஜூ தாயாரத் தூக்கிட்டு வராங்க."

"ஹாரன் சத்தம் கேக்குது."

"படகுக்காரனுங்க. சாமிக்கு அடிக்கறானுங்க."

அந்த நேரம் பார்த்து அந்தப் பாவி லான், "ரெண்டாம் வாய் செத்துப்போச்சா, அதையாவது சொல்லித் தொலைங்க," என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்தினான். நான் போனைக் கையால் பொத்தினேன். எடுத்தபோது அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அவன் மூச்சு விடுகிறது மட்டும் கேட்டது. அந்த மூச்சு மாடிப்படியில் நான் தினம் கேட்கிறதுதான். எழுந்துவிட்டான், சட்டையைத் தேடுகிறான், அடுத்து பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கப்போகிறான் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. இத்தனை தூரம் கொண்டுபோய்ச் சேர்த்தும் ஒரு கத்தலில் கெட்டுப்போகிறதே என்று இருந்தது.

"அக்கா," என்றான்.

"சொல்லுடா."

"ஊர்வலம் ரொம்ப நேரமா நகராம நிக்குதா?"

"கொஞ்சம் நிக்குது," என்றேன். "நகர்ந்துரும். கூட்டம் அதிகம், அவ்வளவுதான்."

"ம்."

பக்கத்தில் பீயூன் குரல் கேட்டது, யாருகிட்ட பேசற என்று. பாவ்ஜூ அக்காகிட்ட, ஒண்ணுமில்ல என்றான். அப்புறம் என்னிடம், யாரோ தெருவில் வழி கேட்டவனுக்குச் சொல்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னான்.

"ஒரு தடவ அணைச்சுட்டுப் போடுங்கக்கா. வந்துரும். வரலன்னாலும் பரவாயில்ல, சக்கரம் இருக்கு. நான் படுக்கறேன்."

அவனே போனை வைத்தான்.

முதலாளியம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன சொன்னான் என்று கேட்டாள். சொன்னேன். நிஜமாகவே அவனா சொன்னான் என்று இரண்டு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன்.

நான் மாடி ஏறிப் போய் மெஷினை அணைத்தேன்.